தோட்டத்தின் கடைசி ஆறு மரங்கள்

ஹிகாஷினே
மார்ச் 6, 1986

என் அருமை மருமகள் சாஹோவுக்கு,

உன் மாமா கிச்சிரோ, கூரையளவு பனிக்குள்ளிருந்து எழுதுவது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. பனிதான் கொஞ்சம் அதிகம். நேற்று கூரையில் பனி தள்ள ஏறினேன். இறங்க ஏணி தேவைப்படவில்லை, அப்படியே நடந்து தெருவுக்குப் போய்விட்டேன். கோபேயில் பனி உண்டா? ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லும் அந்தப் பல் வைத்தியசாலை வேலை எப்படி? டெலிபோன் செய்யக் கூடாதா என்பாய். மூன்று நிமிடத்தில் அடங்குகிற விஷயமா என்னுடையது?

விஷயம் இதுதான். நெப்போலியனை நான் தோற்கடித்துவிட்டேன். நம் தோட்டத்தின் ஆற்றோரக் கடைசியில் ஆறு கிழட்டு மரங்கள் நின்றனவே, டப்பாவில் அடைக்கிற புளிப்புச் செர்ரிப் பழம் காய்க்கும் அந்த நெப்போலியன் ஜாதி. டப்பாக்காரர்களே வாங்குவதை நிறுத்தியாயிற்று. ஊரில் எல்லோரும் வெட்டித் தள்ளுகிறார்கள். போன நவம்பரில் நானும் வெட்டினேன். அந்த இடத்தில் என்ன வைத்தேன் தெரியுமா? ஆறு தொங்கு செர்ரி! இருபதடி உயரம், வேர்மண்ணோடு லாரியில் வந்து இறங்கின. கிளைகள் தரையைத் தொட்டுக் கும்பிடும். ஏப்ரலில் கண்ணுக்கு அந்த ஆறு, ஜூனில் நாக்குக்கு என் நாற்பது சாடோ நிஷிகி இனிப்புச் செர்ரி மரங்கள். கண்ணும் நாக்கும் ஒரே தோட்டத்தில். இப்படி ஒரு யோசனை யமகாத்தா மாநிலத்தில் யாருக்கும் உதித்ததில்லை. சக்கரவர்த்தியே ரயிலை நிறுத்திப் பார்ப்பார்.

அத்தை சௌக்கியம். உள்ளே வேலையாக இருக்கிறாள், அதனால்தான் வழக்கம்போல் அடியில் இரண்டு வரி எழுதவில்லை. உன்னை விசாரித்தாள்.

பிறகு ஒரு சின்ன சந்தேகம். என் சிநேகிதன் ஒருவனுக்குத் தெரிய வேண்டுமாம்: இரண்டு பேருக்கு, இல்லை, ஒரு ஆளுக்குச் சோறு வைக்க எவ்வளவு தண்ணீர்?

இப்படிக்கு,
மலர்களின் மன்னன், கனிகளின் காவலன்,
ஓனுமா கிச்சிரோ


கோபே
மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

சாஹோ எழுதுகிறேன். இங்கே பனி இல்லை, மழைதான். என் உடம்பு நன்றாக இருக்கிறது. இப்போதெல்லாம் வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பாடு. இரண்டு கிலோ எடை ஏறிவிட்டேன். உங்களுக்கு இடுப்பு வலி திரும்ப வராமல் இருந்தால் சரி.

அத்தை சௌக்கியம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துத் தெரிந்துகொண்டேன்.

உங்கள் சிநேகிதருக்கு: அரிசிமேல் உள்ளங்கையை வைத்தால் தண்ணீர் மணிக்கட்டு எலும்புக்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டும். மூடியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது.

தொங்கு செர்ரிகள் அழகாகத்தான் இருக்கும், மாமா. ஆனால் ஒன்று கேட்கிறேன். சாடோ நிஷிகி தன் மகரந்தத்தில் தானே காய்க்காதாமே? நாற்பது மரம் நின்றாலும் எல்லாம் ஒரே ஜாதி, ஒன்றுக்கொன்று உதவாதாம். வேறு ஜாதிப் பூவிலிருந்து மகரந்தம் வர வேண்டும். அந்த ஆறு நெப்போலியன் இத்தனை வருஷமாகச் செய்தது அதைத்தானாம். தொங்கு செர்ரி பத்து நாள் முன்னாலேயே பூத்து உதிர்ந்துவிடும்; சேர்ந்து பூத்தாலும் பழ மரத்துக்கு அந்த மகரந்தம் ஒட்டாதாம். எங்கோ படித்தேன்.

அத்தையை ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
சாஹோ


ஹிகாஷினே
ஏப்ரல் 2

அறிவுக் களஞ்சியமே, மருமகளே,

பனி உருகுகிறது. ஆறு கரை தொட்டு ஓடுகிறது. நான் கல்லுமாதிரி இருக்கிறேன். சிநேகிதன் நன்றி சொன்னான். ஆனால் உள்ளங்கை அளவு என்று நீ எழுதியது அவனுடைய பானைக்குப் பொருந்தவில்லை போல. வந்தது கஞ்சி. மறுநாள் குறைத்தான், வந்தது செங்கல்.

பல்லைப் பார்க்கிற நீ பூவைப் பற்றி எனக்குச் சொல்ல வந்துவிட்டாய். பூவும் பூவும் சந்தித்தால் குடும்பப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்குமா? செர்ரி என்றால் செர்ரி. முப்பத்தைந்து வருஷமாக இந்த மரங்களின் கீழே நான் தும்மினாலே காய்த்தன. போதாததற்குத் தேனீ வைத்திருக்கிறேன். பெட்டித் தேனீ இல்லை, நாணல் குழலுக்குள் குடியிருக்கும் நம் ஊர்க் குட்டித் தேனீ. இருநூறு குழல் கட்டித் தொங்கவிட்டேன். ஒவ்வொரு தேனீயும் குருவி அளவு இருக்கும். அவை போய்ப் பூவின் கதவைத் தட்டினால் காய்க்காமல் தப்பிக்க முடியுமா?

அத்தைக்கு வலது மணிக்கட்டு சுளுக்கு. பேனா பிடிக்க முடியவில்லை. மற்றபடி ஆனந்தம்.

இப்படிக்கு,
தேனீப் படைத் தளபதி,
கிச்சிரோ


கோபே
ஏப்ரல் 11

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? நாங்கள் நலம்.

"நாங்கள்" என்று எழுதிவிட்டேன், அதை அடித்துத் திருத்தவில்லை. அத்தையின் வலது மணிக்கட்டு மிக நன்றாக இருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு எதிரே உட்கார்ந்து அந்தக் கையால்தான் முள்ளங்கி சீவிக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி வந்தார். சகாத்தாவில் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்றுதான் உங்களிடம் சொன்னாராம். கடைசி மரம் வரை கிளை கழித்து முடித்த மறுநாள் பெட்டி கட்டியிருக்கிறார். "பாதியில விட்டுட்டு வந்தா மரம் என்னைத் திட்டும்" என்றார். இங்கே இருப்பதை உங்களிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். ஒன்றரை மாதம் பொறுத்தேன். சுளுக்கு என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் அவர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை.

உங்கள் கடிதங்களை எனக்கு முன்னால் அவர்தான் பிரிக்கிறார். மகரந்த விஷயம் நான் எங்கும் படிக்கவில்லை.

இனி வருவது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவது: எங்காவது ஒரு நெப்போலியன் மிச்சம் இருக்கும், தேடுங்கள். மொட்டு விரியும் நேரத்தில் கிளைகளை ஒடித்து வந்து வாளித் தண்ணீரில் வைத்து மரத்துக்கு மரம் தொங்கவிடுங்கள். இறகுத் துடைப்பம் கொட்டகையில் வலது மூலையில் இருக்கிறது. முதலில் நெப்போலியன் பூவைத் தடவி, பிறகு சாடோ நிஷிகிப் பூவைத் தடவ வேண்டும். பாதி பூத்தபோது ஒரு முறை, முழுக்கப் பூத்தபோது ஒரு முறை, நடுவில் ஒரு முறை. தேனீக்குக் குளிர்ந்தால் வெளியே வராது, அதை நம்பாதீர்கள்.

வேறு ஏதாவது எழுதவா என்று கேட்டேன். "வேற என்ன இருக்கு, மரத்தைப் பத்தித்தானே எழுதினாரு" என்றார்.

சாஹோ


ஹிகாஷினே
ஏப்ரல் 27

மருமகளுக்கும், உறையைப் பிரிக்கிற கைக்கும்,

இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்று கொட்டகையில் தொங்குகின்றன. பேனாவைப் பல்லால் பிடித்து எழுதுகிறேன்.

தொங்கு செர்ரிகள் பதினாறாம் தேதி பூத்தன. அந்த அழகைச் சொன்னால் நம்பமாட்டாய். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் கூட்டம். எல்லோரும் அண்ணாந்து "ஆ" என்று நின்றதில் அன்று காற்றே போதவில்லை. இருபத்திரண்டாம் தேதி உதிர்ந்தன. இருபத்து மூன்றாம் தேதி சாடோ நிஷிகி கண் திறந்தது. அது பார்த்தபோது அந்தப் பக்கம் ஒரு பூ மிச்சம் இல்லை.

அன்றைக்குக் குளிர். என் குருவி அளவுத் தேனீக்களில் ஒன்றுகூடக் குழலைவிட்டுத் தலை நீட்டவில்லை.

நெப்போலியனைத் தேடிக் கிளம்பினேன். ஊரில் பதினேழு தோட்டம் ஏறி இறங்கினேன். எங்கும் வெட்டிய அடிக்கட்டை. கடைசியில் டோகாஷி. முப்பது வருஷமாக என்னோடு வாய்க்கால் தகராறு செய்கிறவன். அவன் வாசலில் போய்த் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் அந்தத் தொப்பி அப்படிக் கீழே இறங்கியதில்லை.

"என்ன கிச்சிரோ, பூக் கேட்டு வந்தியா, பொண்ணு கேட்டு வந்தியா? தொப்பியெல்லாம் கையில இருக்கு."

"ரெண்டு கிளை நெப்போலியன் வேணும்."

"உங்கிட்டதான் ஆறு இருக்கே. தொங்கு செர்ரியை அதுங்களுக்குப் பக்கத்துலதானே வச்சே?"

"வெட்டிட்டேன்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "வெட்டிட்டியா? அடப்பாவி, உங்கிட்ட ஆறு இருக்குன்னு தைரியத்துலதானேய்யா நான் என்னோடதை வெட்டினேன்! காத்துல வரும், தேனீ கொண்டு வரும்னு!"

"நான் உங்கிட்ட இருக்குன்னு நெனச்சேன்."

ஆக, ஊரே இப்படித்தான். ஒவ்வொருவனும் அடுத்தவன் மரத்தை நம்பித் தன் மரத்தை வெட்டியிருக்கிறான். டோகாஷி வீட்டில் ஒன்றே ஒன்று தப்பியது, அதுவும் அவன் மனைவி முள்ளங்கி கட்டிக் காயப்போட அதுதான் தோது என்று வெட்டவிடாததால். இரண்டு கிளை கொடுத்தான். "மித்ஸுயே அக்கா வந்து கேட்டிருந்தா மரத்தையே குடுத்திருப்பேன். எப்ப வர்றாங்க?" என்றான். ஊருக்கே தெரிந்திருக்கிறது. நான்தான் இரண்டு மாதமாக அவள் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாற்பது மரத்துக்கு இரண்டு கிளை. நான்கு நாள் ஏணியில் நின்று துடைப்பத்தால் தடவினேன். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கிழவனுக்குப் புத்தி கலங்கி மரத்துக்குத் தூசி தட்டுகிறான் என்றார்கள்.

கிச்சிரோ, தூசி தட்டுகிறவன்


கோபே
மே 5

அன்புள்ள மாமாவுக்கு,

தோளுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுங்கள். நாங்கள் இருவரும் சுகம்.

டோகாஷி கதையைப் படித்து நான் சிரித்தேன். அத்தையும் சிரித்தார், பிறகு சிரித்ததற்காக அவருக்கே கோபம் வந்தது. கடிதத்தைத் திருப்பி முதலிலிருந்து ஒரு முறை படித்தார். எதைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அது அதில் இல்லை.

நான் நேராகவே கேட்டேன்: "மரத்தை வெட்டினதுக்கா அத்தை இவ்வளவு கோபம்?" அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மரம் போனா வேற மரம். தங்கச்சிக்கு ஆபரேஷன்னு நான் மூணு நாள் சகாத்தாவுக்குப் போனேன். அந்த மூணு நாள் பாத்து வெட்டியிருக்காரு. லாரி, ஆளு, மரம் எல்லாம் முன்னாடியே பேசி வச்சிருந்திருக்கணும்ல? ஒரு மாசமா என் எதிர்ல உக்காந்து சோறு தின்னுக்கிட்டே நான் எப்படா ஊருக்குப் போவேன்னு காத்திருந்திருக்காரு. முப்பத்தஞ்சு வருஷமா அந்தத் தோட்டத்துல அவரு ஏணியில நின்னா நான் கீழ நின்னிருக்கேன். என்னைக் கேக்கலையே, சாஹோ."

இவ்வளவுதான், மாமா. அவர் உங்களிடமிருந்து எதிர்பார்ப்பது பழம் இல்லை.

சாஹோ


ஹிகாஷினே
மே 21

அன்பு மருமகளே,

வெயில் ஏறுகிறது. எல்லோரும் சுகம்தானே? தோள் பரவாயில்லை. சோறு இப்போது சோறு மாதிரி வருகிறது.

ஒரு மகத்தான செய்தி! நெப்போலியன் தீவிலிருந்து திரும்பிவிட்டான்! வெட்டிய ஆறு அடிக்கட்டைகளில் மூன்று துளிர்த்திருக்கின்றன. முழங்கால் உயரம், தளதளவென்று. பார்த்தாயா? நான் ஒன்றும் கொன்றுவிடவில்லை. இரண்டே வருஷத்தில் பழையபடி மரம். ஆக எதுவும் கெட்டுப்போகவில்லை. இதை அத்தையிடம் உரக்கப் படித்துக் காட்டு.

மற்றபடி, பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்கின்றன. தினமும் காலையில் மரத்தடி மஞ்சள் மணி கொட்டினாற்போல் இருக்கிறது. கூட்டிப் பெருக்குகிறேன். மறுநாள் மறுபடி. என் மகா தொங்கு செர்ரிகளும் காய்த்திருக்கின்றன, பட்டாணியில் பாதி அளவு, கறுப்பாக. தின்று பார்த்தேன். சாடோ நிஷிகியே இதன் முன்னால் மண்டியிடும் என்று எழுத ஆசைதான். நாக்கு இரண்டு நாள் கறுத்துக் கிடந்தது; மிசோ சூப் குடித்தால் கஷாயம் மாதிரி இருந்தது. பறவைகூடக் கொத்திவிட்டுத் துப்புகிறது.

கிச்சிரோ


கோபே
மே 30

மாமாவுக்கு,

நலம் விசாரித்து எழுதப் பொறுமை இல்லை, மன்னியுங்கள்.

துளிர்த்தது நெப்போலியன் இல்லை. அது ஒட்டுக் கட்டிய மரம். கீழே காட்டுச் செர்ரியின் வேர், மேலேதான் நெப்போலியன் ஒட்டியிருந்தது. மேலே இருந்ததை நீங்கள் வெட்டி எடுத்துவிட்டீர்கள். வேரிலிருந்து வருவது காடுதான். இது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது அத்தைக்கும் தெரியும். உரக்கப் படித்துக் காட்டச் சொன்னீர்களே, படித்தேன். "எதுவும் கெட்டுப்போகவில்லை" என்ற இடத்தில் எழுந்து போய்விட்டார்.

நான்கு கடிதம் எழுதியிருக்கிறீர்கள், மாமா. சக்கரவர்த்தி வந்தார், தேனீ வந்தது, டோகாஷி வந்தான். ஒரே ஒரு வாக்கியம் மட்டும் வரவில்லை. நான் பகலெல்லாம் வாயைத் திறங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தும் அதையேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வாக்கியம் வரும்வரை இனி என்னிடமிருந்து பதில் வராது. எனக்கு எழுதவும் வேண்டாம். எழுத வேண்டியது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும்.

சாஹோ


ஹிகாஷினே
ஜூன் 28

மித்ஸுயேவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று சாஹோ எழுதினாள். நானும் இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நாலு வாரமாக எழுதுகிறேன். கிழித்தவற்றில் ஒன்பது பக்கக் கடிதமும் உண்டு. அதில் நான் இல்லாத இடமே இல்லை, நீ எங்கும் இல்லை.

மரங்களை நீ ஊரில் இல்லாத மூன்று நாளில்தான் வெட்டினேன். தற்செயல் இல்லை. அக்டோபரிலேயே லாரிக்குச் சொல்லிவிட்டேன். உன் தங்கைக்கு ஆபரேஷன் தேதி குறித்ததும் லாரிக்காரனுக்கு அந்தத் தேதியைச் சொன்னேன். உன்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். ஏன் வேண்டாம் என்றும் சொல்லியிருப்பாய். அது சரியாகவும் இருந்திருக்கும். அதனால்தான் கேட்கவில்லை. மகரந்த விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை. டோகாஷி மரம் போதும் என்று நினைத்தேன்.

தப்பு என்னுடையது. மரம் விஷயத்திலும், அந்த ஒரு மாதம் உன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேனே, அதிலும்.

நாற்பது மரத்திலும் சேர்த்து ஒன்பது பெட்டிப் பழம். டோகாஷி கிளை எட்டிய மரங்களில் மட்டும். இதில் மிகை இல்லை. எட்டை விவசாயிகள் சங்கத்தில் விற்கக் கொடுத்தேன். ஒன்பதாவது இத்துடன் வருகிறது. காம்பு தெரியாமல் வரிசையாக அடுக்குவது உன் கை வேலை. நான் அடுக்கினேன். நாலு முறை கலைத்தேன்.

கிச்சிரோ


ஹிகாஷினே
ஆகஸ்ட் 17

சாஹோவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஒரே கேள்வி. பழப் பெட்டி வந்து சேர்ந்ததா? தபாலில் நசுங்கியிருந்தால் தபால்காரனைக் கேட்கிறேன். பழம் நன்றாக இருந்ததா என்றெல்லாம் கேட்கவில்லை. வந்ததா என்று மட்டும்.

வெயில் அதிகம். இருவரும் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போங்கள்.

மாமா


கோபே
நவம்பர் 4

கிச்சிரோவுக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அங்கே மலையில் பனி விழுந்திருக்கும். இடுப்பில் கம்பளித் துணி கட்டிக்கொள்ளுங்கள், மேல் அலமாரியில் இடது பக்கம்.

பெட்டி ஜூலை முதல் தேதியே வந்தது. வரிசை கோணல். மூன்றாம் வரிசையில் இரண்டு பழம் தலைகீழ். நானும் சாஹோவும் ஒரே மாலையில் தின்றுவிட்டோம். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவில்லை.

பதில் போடவில்லை என்று சாஹோ என்னைத் தினமும் நச்சரித்தாள். "தப்புன்னு சொல்ல அந்த மனுஷன் எடுத்துக்கிட்டது நாலு மாசம், நானும் நாலு மாசம் எடுத்துக்கிறேன்" என்றேன். கணக்கு தீர்ந்தது.

இந்தப் பக்கத்து நாற்றுத் தோட்டம் ஒன்றில் நெப்போலியன் கன்று மூன்று பிடித்து வைத்திருக்கிறேன். பூக்க ஐந்து வருஷம் ஆகும் என்றார் கடைக்காரர். எனக்கு அறுபத்தொன்று ஆகிறது, உங்களுக்கு அறுபத்து நாலு. பரவாயில்லை, இருப்போம் என்று சொல்லி வாங்கினேன்.

பதின்மூன்றாம் தேதி வியாழன், பகல் வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வரலாம். டோகாஷியையும் அழைத்து வந்து கூட்டம் கூட்ட வேண்டாம்.

கன்றை எங்கே நடுவது, தொங்கு செர்ரியில் எதை எடுப்பது, எதை விடுவது, எதையும் முடிவு செய்து வைக்காதீர்கள். குழி ஒன்றுகூடத் தோண்டியிருக்கக் கூடாது. தோட்டத்தில் நின்று என்னைக் கேளுங்கள். நான் வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வேன். அதற்குத்தான் கேட்பது.

மித்ஸுயே